வெங்கா என்றால் வாங்க

பஸ் நகரத் தொடங்கியதும் மாப்பிள்ளை அல்வாரோ கூடவே இரண்டு எட்டு நடந்து வந்து, பஸ்ஸின் விலாவில் உள்ளங்கையால் தட்டி, "வெங்கா, அம்மா, வெங்கா" என்றார். கண்ணாடி மூடியிருந்ததால் சத்தம் கேட்கவில்லை, வாய் அசைந்ததிலேயே சொல் தெரிந்தது. துளசிமணி கும்பிட்டாள். கும்பிட்ட கையை இறக்குவதற்குள் மாப்பிள்ளை ஒரு தூணுக்குப் பின்னால் மறைந்துவிட்டார். வெங்கா என்றால் வாங்க. போகிறவளைப் பார்த்து வாங்க என்கிறாரே என்று ஒரு நொடி தோன்றி, தோன்றிய வேகத்திலேயே அடங்கிவிட்டது, ஏனென்றால் தாராபுரத்தில் யாரை வழியனுப்பினாலும் போய்ட்டு வாங்க என்றுதானே சொல்கிறோம், வெறுமனே போங்க என்று எவர் சொல்வார், நல்ல பிள்ளை, நம் பக்கத்து வழக்கத்தை எப்படியோ பிடித்துக்கொண்டிருக்கிறது என்று மெச்சிக்கொண்டே இருக்கை பெல்ட்டின் மறு முனையைத் தேடினாள். மாட்ரிட்டிலிருந்து சமோரா மூன்று மணி நேரம். சமோராவில் சம்பந்தியம்மா வீட்டில் மகள் தாரணி இருக்கிறாள், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை. மாப்பிள்ளைக்கு வேலை மாட்ரிட்டில், சனிக்கிழமைதான் அங்கே வருவார். காலையில் விமான நிலையத்துக்கு வந்து அழைத்து, காபி வாங்கிக் கொடுத்து, இந்தம்மாவைச் சமோராவில் இறக்கிவிடுங்கள் என்று டிரைவரிடம் சொல்லி ஏற்றிவிட்டிருக்கிறார். ஐம்பத்தொன்பது வயதில் முதல் விமானம், முதல் வெளிநாடு. மடியில் பழுப்பு அட்டை போட்ட நாற்பது பக்க நோட்டு. இடது பக்கம் தமிழ், வலது பக்கம் ஸ்பானிஷ், அதுவும் தமிழ் எழுத்தில். முதல் பக்கத்து முதல் சொல் கொன்சுவேக்ரா, சம்பந்தியம்மா. இங்கிலீஷில் அதற்கு ஒரு சொல் கிடையாது, மகளுடைய மாமியார் என்று ஊரைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். ஸ்பானிஷ்காரர்கள் மட்டும் நம்மைப் போலவே ஒரே சொல்லில் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்த அன்றுதான் இந்தப் பாஷையைப் படித்துவிடலாம் என்ற தைரியமே அவளுக்கு வந்தது. ஒன்பதாம் பக்கத்தில் வென், வா. வெங்கா, வாங்க. வெங்கோ, வருகிறேன். வென் வீட்டு ஆட்களுக்கு, வெங்கா மரியாதைப்பட்டவர்களுக்கு. வெங்காவுக்கு அடியில் பச்சை மையில் இரண்டு கோடு. அவர்கள் வாயில் அந்த முதல் எழுத்து வெ என்றும் இல்லாமல் பெ என்றும் இல்லாமல் நடுவில் எங்கேயோ நின்றாலும், சத்தம் என்னவோ நம் ஊர் வாங்கோதான்.

எத்தனை தடவை அந்த வாங்கோவைச் சொல்லியிருப்பார் சம்பந்தியம்மா. அவர் பெயர் புரிஃபிகாசியோன், எல்லோரும் கூப்பிடுவது பூரி. இதைத் தாராபுரத்தில் சொன்ன அன்று நாத்தனார் சிரித்து முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று, உருளைக்கிழங்கு மசாலா யாருங்கண்ணி என்று வேறு கேட்டாள். சிரித்துவிட்டுப் போகட்டும். போன நவம்பர் கடைசியில் தெருவில் உறைந்து கிடந்த பனியில் சறுக்கி விழுந்து தாரணிக்கு இரண்டு மணிக்கட்டும் முறிந்தபோது சிரித்தவர்களா போய் நின்றார்கள். இரண்டு கையிலும் முழங்கைவரை மாவுக்கட்டு, விரல் நுனி மட்டும் வெளியே. அதே வாரம் கோயம்புத்தூரில் துளசிமணியின் வீட்டுக்காரர் நாச்சிமுத்துவுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். ஒரு பக்கம் தாலி கட்டியவர், ஒரு பக்கம் பெற்ற மகள், நடுவில் இவள் ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் போனும் கையுமாக. தாரணியை மாட்ரிட்டிலிருந்து சமோராவுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார் பூரியம்மா. ஏழு வாரம். சூப்பை ஊதி ஊதி ஊட்டினார், குளிப்பாட்டினார், உடுத்திவிட்டார், கட்டுக்குள் அரித்தால் ஸ்வெட்டர் பின்னுகிற ஊசியை உள்ளே விட்டுச் சொறிந்துவிட்டார். முடியை என்ன செய்வது என்று ஒரு பேச்சு வந்தது. இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி, சீவிக்கொள்ள கை இல்லை, வெட்டிவிடலாம் என்று தாரணியே சொல்லிவிட்டாள். பூரியம்மா ஒப்பவில்லை. போனைக் குளிர்சாதனப் பெட்டிமேல் சாய்த்து வைத்து, எண்ணெய்க்குத் தேங்காயெண்ணெய் கிடைக்காமல் ஆலிவ் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு, எப்படிப் பின்னுவது காட்டுங்கள் என்று நின்றுவிட்டார். துளசிமணி அந்த வராந்தாவில், போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க, தன் பின்னலை முன்னால் எடுத்துப் போட்டு அவிழ்த்து, மூன்றாகப் பிரித்து, வலதை நடுவில் போடு, இடதை நடுவில் போடு என்று கையாலேயே பாடம் நடத்தினாள். முதல் நாள் பின்னலுக்கு அரை மணி நேரம் பிடித்தது, முடித்த கையோடு அவிழ்ந்தும் போனது. ஐந்தாம் நாள் இவள் பின்னியதா அவர் பின்னியதா என்று தெரியாதபடி வந்துவிட்டது. அந்த முதல் நாள் பேசி முடிக்கும்போதுதான் பூரியம்மா முதன்முதலில் அதைச் சொன்னார். வெங்கா, வெங்கா. அர்த்தம் தேடிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் சாயந்தர மருந்துக்காகக் காத்திருந்த யாரோ ஓர் அம்மாவிடம், பாருங்க, இத்தனை பாட்டுக்கு நடுவுல என்னைய வாங்க வாங்கன்னு கூப்பிடறாங்க என்று சொல்லி அழுதாள்.

அன்றிலிருந்து பதினொரு மாதமாக எந்தப் பேச்சும் அந்தக் கூப்பிடல் இல்லாமல் முடிந்ததில்லை. இவளும் வெங்கோ, வெங்கோ, வருகிறேன், வருகிறேன் என்று சொல்லாமல் வைத்ததில்லை. கூப்பிட்டதால்தான் இன்றைக்கு இந்த பஸ்ஸில் இருக்கிறாள். விசாவுக்குக் காகிதம் அனுப்பியது மாப்பிள்ளை, அது மாப்பிள்ளையின் கடமை, அதையெல்லாம் அழைப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது. சம்பந்தி வீட்டுக்கு, அந்த வீட்டம்மா தன் வாயால் கூப்பிடாமல் போய் இறங்குவது அவள் ஊர்ப் பக்கத்தில் வழக்கமில்லை. அப்படிப் போனவர்களைப் பற்றி இருபது வருஷம் கழித்தும் கல்யாண வீட்டுப் பந்தியில் பேசுவார்கள். கிளம்புகிறபோது நாச்சிமுத்துவும் அதைத்தான் கேட்டார். நெஞ்சில் தழும்பைத் தடவிக்கொண்டே, "அந்தம்மா கூப்பிட்டாங்களா?" என்றார். "போன் பண்றப்பெல்லாம் கூப்பிடறாங்க" என்றாள். "அப்பப் போய்ட்டு வா." அவ்வளவுதான். தொண்ணூறு நாள். பெட்டியில் பூரியம்மாவுக்கு ஒரு நெகமம் சேலை, உடுத்துவாரோ போர்த்திக்கொள்வாரோ தெரியாது, பருத்தி, உடம்புக்கு இதம். இரண்டு பாட்டில் செக்குத் தேங்காயெண்ணெய், மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றி, நாலு துண்டில் சுருட்டியது. பெட்டி பஸ்ஸின் வயிற்றில் இருக்கிறது, ஒழுகாமல் இருக்க வேண்டும், ஒழுகினால் எல்லோருடைய பெட்டியும் நாசமாகிவிடும் என்று ஒரு கவலை எழுந்து, பக்கத்து இருக்கைப் பெரியவரின் போன் மணியில் அறுந்தது. காதெல்லாம் முடியாக இருந்த அந்தப் பெரியவர் செய்தித்தாளில் வேரைச் சுற்றிய ஒரு செடியை மடியில் வைத்திருந்தார். கொஞ்ச நேரம் பேசினார். பிறகு, வெங்கா, என்றார். வெங்கா, வெங்கா, அஸ்தா லுவேகோ, வெங்கா, என்று போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பார்த்தாயா, இவரும் யாரையோ வீட்டுக்குக் கூப்பிடுகிறார், நல்ல மனிதர்கள்தான் இந்த ஊரில் என்று துளசிமணி நினைத்தாள். மறுபடி மணி அடித்தது. இந்தத் தடவை ஏதோ அலுவலகம் போல, பெரியவர் குரல் உயர்ந்தது, எண்கள் சொன்னார், திருப்பிச் சொன்னார், கோபமாகவே சொன்னார். முடிக்கும்போது வெங்கா, என்றார். கோபமாக இருக்கிறவர்களையும் கூப்பிடுவார்களா. அஸ்தா லுவேகோ என்றால் அப்புறம் பார்க்கலாம், அது பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. அப்புறம் பார்க்கலாம், வாங்க என்று எப்படிச் சேரும். சேலை முந்தானை முள்ளில் மாட்டினால் எந்தப் பக்கம் இழுத்தாலும் கிழியுமே, அந்த மாதிரி ஓர் இடத்தில் மனது நின்றுவிட்டது. ஏறும்போது டிரைவர் கைதட்டிச் சொன்னதும் அதே சொல்தான், பெட்டி வைக்க நேரம் எடுத்துக்கொண்ட இரண்டு பையன்களைப் பார்த்து, வெங்கா, வெங்கா என்று. வாங்க என்கிற மரியாதை அதில் இல்லை, ம் சீக்கிரம் என்பதுதான் இருந்தது. அப்போது காதில் விழுந்தது, கணக்கில் வரவில்லை. முன் இருக்கையில் ஒருத்தி இரண்டு வயதுக் குழந்தைக்குத் தயிர் ஊட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை தலையைத் திருப்பிக்கொண்டது. வெங்கா, ஓத்ரா, என்றாள் தாய். ஓத்ரா, இன்னொன்று. இன்னொரு வாய் வாங்க என்றா இரண்டு வயதுக் குழந்தையிடம் மரியாதை. ஏன், கொங்குப் பக்கத்தில் சொல்வோமே, சாமி வாங்க, கண்ணு வாங்க என்று, என மனது தனக்குத்தானே முட்டுக் கொடுத்துப் பார்த்தது. பூரியம்மாவும் தாரணிக்கு சூப் ஊட்டும்போது வெங்கா, ஓத்ரா என்று சொல்லிக் கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டு, மருமகளை வாங்க போங்கன்னு பேசறாங்க பாருங்க, என்ன குடும்பம், என்று நாச்சிமுத்துவிடம் பெருமை அடித்திருக்கிறாள். பின் இருக்கையில் ஒரு பெண் சிநேகிதி சொன்ன எதையோ நம்பாமல், வெங்கா யா, என்று சிரித்தாள். சும்மா கதை விடாதே என்பது அந்தக் குரலிலேயே இருந்தது. துளசிமணி நோட்டை மூடி, உடனே திறந்து, ஒன்பதாம் பக்கத்தைப் பார்த்தாள். பச்சை மைக் கோடு இரண்டும் அப்படியே இருந்தன.

தாரணியைக் கூப்பிட்டாள். மாப்பிள்ளை போட்டுக் கொடுத்த சிம், இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். பஸ் ஏறிட்டியாம்மா, ஜன்னல் பக்கம் உக்கார்ந்திருக்கறயா, எனக்கு மீட்டிங் இருக்கு, பஸ் ஸ்டாண்டுக்கு அத்தைதான் தனியா வருவாங்க, நீங்க ரெண்டு பேரும் எப்படியோ பேசிக்கோங்க என்று ஒரே மூச்சில் கொட்டினாள். கேட்பதா வேண்டாமா என்று வாய் வரைக்கும் வந்து இரண்டு தடவை விழுங்கிய பிறகு, பஸ்ஸில் யாரோ பேசினார்கள் என்று சொல்லிக்கொண்டு, "ஏங்கண்ணு, வெங்கான்னா என்ன?" என்றாள். தாரணி சிரித்தாள். "அது சும்மா சொல்றதும்மா. போன் வெக்கறப்ப நாம சரி, சரி, வெச்சர்றேங்கறமே, அது. எல்லாத்துக்கும் சொல்லுவாங்க." வாங்கங்கறது இல்லியா என்று துளசிமணி கேட்டாள். கேட்ட குரல் தன் குரல் மாதிரி இல்லை. "அது புஸ்தகத்துல இருக்கற அர்த்தம். போன்ல சொன்னா வாங்கன்னு யாரும் நெனக்கமாட்டாங்க." அப்படியானால் உங்கத்தை என்றைக்காவது என்னை வரச் சொன்னார்களா என்று அடுத்துக் கேட்க வேண்டும், கேட்டுவிட்டால் தெரிந்துவிடும், தெரிந்துவிடுமே என்று தயங்கிய அந்த இடைவெளியில் பஸ் மலையைக் குடைந்த நீளமான பாதைக்குள் நுழைந்தது. லைன் அறுந்து காதில் ஒன்றும் இல்லை. ஜன்னலில் மஞ்சள் விளக்குகள் ஒவ்வொன்றாக ஓட, நடுநடுவே அவளுடைய முகமே அவளைப் பார்த்தது. வெளியே வந்த பிறகு மறுபடி கூப்பிடவில்லை. மகளுக்கு மீட்டிங் என்று மனதுக்கு ஒரு சாக்கு இருந்தது.

ஆக, கூப்பிடவில்லை. பதினொரு மாதத்தில் ஒரு நாள்கூடக் கூப்பிடவில்லை. கூப்பிடாத வீட்டுக்குத் தொண்ணூறு நாளுக்குத் துணி எடுத்துக்கொண்டு, ஆறு கிலோ மசாலாப் பொடியும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருக்கிறோம். வீட்டுக்காரரிடம் சொன்ன பொய்யாகவும் அது ஆகிவிட்டது. அந்தம்மா பாவம், மகன் காகிதம் அனுப்பிவிட்டான், இனி வேண்டாம் என்றா சொல்ல முடியும், ஏழு வாரம் மகளைச் சுமந்தது போதாதென்று இனி மூன்று மாதம் தாயையும் சுமக்க வேண்டும் என்று தலையில் கை வைத்துக்கொண்டிருப்பார். ஒரு வாரத்தில் உடம்பு சரியில்லை என்று சொல்லித் திரும்பிவிடலாமா. டிக்கெட்டை மாற்ற மாப்பிள்ளையிடம்தான் கேட்க வேண்டும், அவர் ஏன் என்பார். ஜன்னலுக்கு வெளியே அறுத்து முடித்த காடுகள், சோளத்தட்டு நிறத்தில் மண், தூரத்தில் காத்தாடிகள் மூன்று கையையும் விரித்துச் சுற்றிக்கொண்டிருந்தன. தாராபுரத்திலிருந்து உடுமலை போகிற ரோடுதான் இது, இவ்வளவு பணம் செலவழித்து அதே காத்தாடியைப் பார்க்கவா வந்தோம் என்ற எண்ணத்தில் சிரிப்பு வந்துவிட்டது, சிரிப்போடு கண்ணில் நீரும் வந்தது. மற்றவர்கள் இப்படி ஏமாந்தால் சரி. துளசிமணி ஏமாறலாமா. முப்பத்து மூன்று வருஷம் தாராபுரம் டெலிபோன் எக்சேஞ்சில் வேலை பார்த்தவள். டிரங்க் கால் காலத்தில், மூன்று நிமிஷம் ஆச்சுங்க என்று இடையில் புகுந்து சொல்லிச் சொல்லியே பாதி தாலுக்காவின் பேச்சு எப்படி முடியும் என்று தெரிந்து வைத்திருந்தவள். சரிங்க, அப்புறங்க, வெச்சர்றனுங்க, என்பார்கள். அப்புறம் என்ன என்று கேட்டால் அப்புறம் ஒன்றும் இருக்காது. அந்த அப்புறத்துக்கு அகராதியில் அர்த்தம் தேடுகிறவனை நாமே பைத்தியம் என்போம். அது தெரிந்த காது, கடல் தாண்டிப் போனதும் கழுதையாகிவிட்டதே என்று தன்னையே வைதுகொண்டாள்.

வைத வாய் அடங்குவதற்குள் வேறொன்று நினைவுக்கு வந்தது. எக்சேஞ்சில் இருந்தவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்று. வெச்சர்றேன் என்று ஒரு தடவை சொல்லி வைப்பவர்கள் உண்டு, சொல்லாமலே வைப்பவர்கள் உண்டு. வெச்சர்றேன், சரி வெச்சர்றேன், ம், அப்ப வெச்சர்றேன் என்று நாலு தடவை ஐந்து தடவை சொல்லியும் வைக்காதவர்கள் உண்டு. பட்டாளத்திலிருந்து பேசுகிற பிள்ளையிடம் தாய் அப்படிச் சொல்வாள். நிச்சயமான பெண்ணிடம் மாப்பிள்ளை அப்படிச் சொல்வான். அங்கே மட்டும் மூன்று நிமிஷம் முடிந்ததைச் சொல்லாமல் அவள் அரை நிமிஷம் விட்டுவிடுவாள், சூப்பர்வைசரம்மாவிடம் திட்டும் வாங்கியிருக்கிறாள். பூரியம்மா எத்தனை வெங்கா சொன்னார். ஒன்றோடு வைத்ததே இல்லை. வெங்கா, வெங்கா, பாலே, வெங்கா, என்று போகும், பாலே என்றால் சரி, நெற்றி மட்டும் திரையில் தெரியும், பிறகு விரல் தெரியும், விரல் சிவப்புப் பொத்தான்மேல் வந்து நின்றுகொண்டே இருக்கும், வெங்கா, என்று இன்னொன்று வரும். அது அழைப்பு இல்லை, சரி. ஆனால் வைக்க மனமில்லாத குரல். ஏழு வாரமும் பின்னல் போட்ட பிறகு அந்தப் பின்னலைத் திரைக்கு நேராகத் தூக்கிக் காட்டி, சரியா, என்று புருவத்தை உயர்த்துவாரே, பள்ளிக்கூடத்துப் பிள்ளை வீட்டுப்பாடத்தைக் காட்டுவது மாதிரி, அப்படிக் காட்ட அவருக்கு என்ன தலையெழுத்து. தாரணியின் தலை பூராவும் ஆலிவ் எண்ணெய் வாசம், தன்னைக் கீரை மாதிரி வதக்குகிறார்கள் என்று அவள் புகார் சொன்னாள். துளசிமணி அன்று அந்தப் புகாரைக் கேட்டுத் தூங்கியதைப் போல அந்த மாதம் முழுவதும் தூங்கவில்லை. புகார் சொல்கிற அளவுக்குப் பெண் நன்றாக இருக்கிறாள், நன்றாக வைத்திருக்கிறார்கள்.

அந்தம்மாவுக்கு என்ன சொல்வது. கிராத்தியாஸ் என்று நோட்டில் இரண்டாம் பக்கத்திலேயே இருக்கிறது, பயிற்சி செய்தும் வைத்திருக்கிறாள், கிராத்தியாஸ் போர் மி இஹா, என் மகளுக்காக நன்றி. ஆனால் நன்றி என்பது மேடையில் மாலை போட்டவர்கள் சொல்வது, கல்யாணப் பத்திரிகையில் அச்சடிப்பது. சோறு போட்ட அக்காளிடம், கடன் வாங்காமல் கல்யாணத்தை நடத்திக் கொடுத்த தம்பியிடம் யார் நன்றி சொல்லியிருக்கிறார்கள். சொன்னால் முறிந்தது மாதிரி ஆகிவிடும், கணக்குத் தீர்ந்தது மாதிரி ஆகிவிடும். நீங்க நல்லா இருக்கோணும் என்போம். அதற்கு ஸ்பானிஷ் தெரியாது. பஸ் ஒரு பெரிய வளைவில் திரும்பியதும் தூக்கம் வந்து, தூக்கத்தில் யாரோ வாங்கோ என்றார்கள், விழித்தபோது பெரியவரின் செடி அவள் தோளில் சாய்ந்திருந்தது. எத்தனை மணி என்று தெரியவில்லை. வெங்கோ என்று நாம் சொன்னது மட்டும் சரியா என்று இன்னொரு முள். இருபத்தெட்டாம் பக்கத்தில், போனில் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்த ஆன்லைன் டீச்சர் எழுதச் சொன்னது இருக்கிறது: இன்னொருவர் இருக்கும் இடத்துக்கு வருவதாகச் சொல்ல வேண்டுமானால் வோய் என்றுதான் சொல்ல வேண்டும், வெங்கோ என்று சொல்லக் கூடாது. வோய் என்றால் போகிறேன். விடைபெறும்போது மே வோய், கிளம்பிப் போகிறேன். அந்த டீச்சர் எத்தனை தடவை திருத்தியும் துளசிமணிக்கு வாய் வரவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு போகிறேன் என்று எவளாவது சொல்வாளா. உள்ளே ஒருவர் நெஞ்சில் தையலோடு கிடக்கும்போது. தப்பென்று தெரிந்தே வருகிறேன், வருகிறேன் என்றுதான் சொன்னாள், நம் ஊரில் வெச்சர்றேன் போய்ட்டு வரேன் என்று சொல்கிற மாதிரி, வாசலில் செருப்பைப் போடும்போது சொல்கிற மாதிரி. அதில் எந்தப் பயணமும் இல்லை. அந்தம்மா சொன்னதும் விடைபெறும் சொல், இவள் சொன்னதும் விடைபெறும் சொல். யாரும் யாரையும் கூப்பிடவில்லை, யாரும் வருகிறேன் என்று வாக்குக் கொடுக்கவில்லை. இரண்டு பேரும் பதினொரு மாதமாகப் போனை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இதில் ஒருத்தி மட்டும் பெட்டியைக் கட்டிவிட்டாள்.

டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்து, சமோரா, என்றார். ஆற்றைத் தாண்டிப் பழைய கல் கட்டடங்கள் வந்தன, அப்புறம் சாதாரணத் தெரு, மருந்துக்கடை, ஒரு டயர் கடை. இறங்காமல் இதே பஸ்ஸில் திரும்பிவிட முடியுமா என்றுகூட நினைத்தாள், அப்படி நினைத்துக்கொண்டே சேலையை நீவி, கைப்பையில் நோட்டைத் திணித்து எழுந்து நின்றாள். கலைந்த பின்னலைக் கை தேடியது, பாதி அவிழ்ந்து தோளில் கிடந்தது. கூட்டம் வரிசையாக இறங்கியது. வெங்கா, வெங்கா, என்று பெரியவர் செடியைத் தூக்கிப் பிடித்து அவளுக்கு வழி விட்டார். படியில் கால் வைத்தபோது கீழே தெரிந்தது ஒரு பச்சைக் கம்பளிக் கோட்டு, குட்டையாக வெட்டிய வெள்ளை முடி. திரையில் நெற்றியாகவும் விரலாகவும் பார்த்த பூரியம்மா முழுதாக இருந்தார், நினைத்ததைவிடக் குள்ளம். "கொன்சுவேக்ரா" என்று கூப்பிட்டார். துளசிமணி தரையில் இறங்கி, இரண்டு கையையும் கூப்பி, மூன்று மணி நேரமாகச் சேர்த்து வைத்த பயத்தில் தயாராக இருந்த ஒரே வாக்கியத்தையும் மறந்துவிட்டு நின்றாள். மன்னிக்கணும், கூப்பிடாமலே வந்துட்டனுங்க என்று தமிழிலேயே ஏதோ வாய்க்குள் வந்தது. அதற்குள் பூரியம்மா ஒரு விரலை அவள் முகத்துக்கு நேராக நீட்டிவிட்டார். "வெங்கோ, வெங்கோ, வெங்கோ" என்றார். துளசிமணியின் குரலிலேயே, அதே இழுப்போடு, போனில் அவள் சொல்கிற மாதிரியே. பிறகு பத்து விரலையும் விரித்துக் காட்டி, மடக்கி, இன்னொரு விரலைக் காட்டினார். "ஒந்தே மேஸெஸ்." எண்கள் ஐந்தாம் பக்கம். ஒந்தே பதினொன்று. மேஸெஸ் மாதங்கள். பதினொரு மாதமாக வருகிறேன், வருகிறேன், வருகிறேன். கண் கலங்கியிருந்தது அந்தம்மாவுக்கு, கோபம் மாதிரியும் இருந்தது. அப்பா சாமி, இந்தம்மா அதை நம்பியிருக்கிறார். செருப்பு மாட்டும்போது சொல்கிற சொல்லை, வார்த்தைக்கு வார்த்தை நம்பி, வருகிறாள், வருகிறாள் என்று ஒவ்வொரு மாதமும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். பூரியம்மா கோட்டின் கையை விரித்தார். "வென்" என்றார்.

வெங்கா இல்லை. வென். போனை வைக்கிறபோது சொல்கிற சொல் இல்லை அது, டிரைவர் சொல்வதோ பெரியவர் சொல்வதோ இல்லை. நோட்டில் வீட்டு ஆட்களுக்கு என்று எழுதி, கோடு போடாமல் விட்ட சொல். வா. சம்பந்தியை வா என்று கூப்பிட்டதைத் தாராபுரத்தில் சொன்னால் ஒரு வாரத்துக்குப் பேசுவார்கள், பேசட்டும். துளசிமணி போனாள். பச்சைக் கோட்டில் சோப்பு வாசமும் வெங்காயம் வதக்கிய வாசமும் இருந்தன. கிராத்தியாஸ் வரவில்லை. "வந்துட்டனுங்க" என்று தமிழில் சொன்னாள், "நீங்க நல்லா இருக்கோணுமுங்க" என்றாள், பூரியம்மா எல்லாம் புரிந்த மாதிரி தலையை ஆட்டினார், பிறகு அவளைத் தோளைப் பிடித்துத் திருப்பி, அவிழ்ந்து கிடந்த பின்னலைப் பார்த்து உச்சுக் கொட்டினார். பெட்டி இன்னும் இறக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு பெஞ்சிலேயே அவளை உட்கார வைத்து, பின்னால் நின்று, முடியை மூன்றாகப் பிரித்தார். வலது நடுவில், இடது நடுவில். கை வேகமாகப் போனது, வராந்தாவில் அவள் சொல்லிக்கொடுத்த அதே வரிசை, கடைசியில் அவள் போடுகிற அதே சின்னச் சுழி. தலையில் வேறொருவர் விரல் பட்டு எத்தனை வருஷம் ஆகிறது என்று யோசித்தாள், அம்மா போனதற்குப் பிறகு யாரும் இல்லை. இந்த விரல்கள்தான் ஏழு வாரம் தாரணியின் தலையில் இருந்தன. டிரைவர் பெட்டியைக் கொண்டுவந்து பெஞ்சருகே வைத்தார், எண்ணெய் ஒழுகவில்லை. தொண்ணூறு நாள் கழித்து இதே இடத்தில் பஸ் ஏற வேண்டும். அன்றைக்கும் டீச்சர் சொன்னதைச் சொல்லக் கூடாது, வெங்கோ என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் இனி அதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று துளசிமணி நினைத்துக்கொண்டாள். சொல்லிவிட்டால் இந்தம்மா நம்பிவிடுவார், மறுபடி வர வேண்டியதாகிவிடும்.